பங்கு இதழுக்கு எந்தப் பெயர்: பெயர் வகைகளின் ஓர் ஒப்பீடு

ஒரு திருச்சபை, அதாவது ஓர் ஆலயத்தைச் சார்ந்த மக்களாகிய பங்கு, தனக்கென்று ஓர் இதழைத் தொடங்குவதாக முடிவெடுத்தவுடன், பக்க எண்ணிக்கை, அச்சுச் செலவு, ஆசிரியர் குழு ஆகிய அனைத்தும் ஒரே கூட்டத்தில் முடிவாகிவிட, பெயர் மட்டும் அடுத்த கூட்டத்துக்கும் அதற்கடுத்த கூட்டத்துக்கும் தள்ளிப்போவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். பெயருக்காக இவ்வளவு நேரம் செலவிடுவதில் தவறில்லை. கட்டுரைகள் சரியாக அமையவில்லையென்றால் அடுத்த மாதம் திருத்திக்கொள்ளலாம், அச்சகத்தை மாற்றலாம், பக்கங்களைக் கூட்டலாம், குறைக்கலாம். பெயர் அப்படிப்பட்டதன்று. முதல் இதழின் அட்டையில் ஏறிய பிறகு அதை மாற்றுவதற்கு யாருக்கும் மனம் வருவதில்லை. ஆனால் அந்தக் கூட்டங்களில் பேச்சு பெரும்பாலும் எந்தப் பெயர் ஆழமான பொருளுடையது, எது கேட்பதற்கு இனிமையானது என்பதைச் சுற்றியே நிற்கிறது. சபை மக்கள் அந்தப் பெயரை உண்மையில் தம் வாயால் சொல்வார்களா என்று யாரும் கேட்பதில்லை. அதைத் தேர்ந்தெடுத்த குருவானவர் மாற்றலாகிப் போய், ஆசிரியர் குழுவும் மாறி, அந்த ஆண்டின் வாக்குத்தத்த வசனமும் நினைவிலிருந்து நீங்கிய பிறகு அந்தப் பெயர் அந்தச் சபைக்குப் பொருந்துமா என்றும் கேட்பதில்லை. வழக்கமாக முன்மொழியப்படும் பெயர் வகைகளை இந்த இரண்டு கேள்விகளையும் வைத்தே இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

பெயரைப் பற்றிப் பேசுவதற்கு முன், இதழ் உண்மையில் எத்தகையது என்பதை ஒப்புக்கொள்வது நல்லது. ஆராதனை முடிந்து வெளியே வரும்போது கையில் கிடைக்கும் இதழில் பெரும்பாலோர் முதலில் தேடுவது ஆயரின், அதாவது சபைக் குருவானவரின், மடலை அன்று. அந்த மாதம் ஞானஸ்நானம் பெற்ற குழந்தைகள் யார், யாருக்குத் திருமண ஓலை வாசிக்கப்பட்டது, யார் இறைவனடி சேர்ந்தார்கள், காணிக்கைப் பட்டியலில் தம் வீட்டுப் பெயர் எழுத்துப் பிழையின்றி அச்சாகியிருக்கிறதா என்பனவற்றைப் பார்த்த பிறகுதான் மற்றப் பக்கங்கள் புரட்டப்படுகின்றன. இதில் குறை காண எதுவுமில்லை. ஒரு சபை தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் இடம் அது. ஆனால் இத்தகைய இதழுக்கு ஓர் இறையியல் கல்லூரியின் ஆய்விதழுக்குரிய பெயரைச் சூட்டினால், அட்டைக்கும் உள்ளடக்கத்துக்கும் இடையே ஓர் இடைவெளி விழுந்துவிடுகிறது. இன்னொன்றும் உண்டு. எந்தப் பெயரைச் சூட்டினாலும் பாதிப் பேர் அதை ‘சபைப் புத்தகம்’ என்றோ ‘பங்குப் புத்தகம்’ என்றோதான் சொல்வார்கள். புதிதாகச் சூட்டப்படும் எந்தப் பெயரும் மக்கள் தாமாகவே வைத்துக்கொண்ட அந்தப் பெயருடன் போட்டியிட்டாக வேண்டும்.

அந்தப் போட்டியைத் தவிர்ப்பதற்கான நேர்வழி, வெளிப்படையான பெயரையே சூட்டிவிடுவது. ‘பங்கு மடல்’, ‘சேகர மடல்’, ‘திருச்சபைச் செய்தி மடல்’, ‘ஆலயச் செய்திகள்’ ஆகியவை இவ்வகை. கூட்டத்தில் இவற்றை முன்மொழிபவருக்கு ஆதரவு குறைவாகவே கிடைக்கும். கற்பனை வறட்சி என்ற முணுமுணுப்பும் எழும். எனினும் வரலாறு இவ்வகைக்குத் துணை நிற்கிறது. தமிழின் முதல் பருவ இதழாகப் பொதுவாகக் குறிப்பிடப்படுவது, 1831இல் சென்னையில் ஒரு கிறித்தவப் பிரசுரச் சங்கம் வெளியிட்ட இதழ். அதன் பெயர் ‘தமிழ் மேகசின்’ என்பதே. இங்கிலாந்தில் பங்கு இதழ் என்னும் வடிவத்தைப் பரப்பியவரான ஜான் எர்ஸ்கின் கிளார்க் என்னும் குருவானவர், டார்பி நகரில் தம் ஆலயத்திலிருந்து 1859இல் வெளியிடத் தொடங்கிய இதழின் பெயரும் ‘பாரிஷ் மேகசின்’ என்பதே. அதன் உள்பக்கங்கள் பொதுவாக அச்சிடப்பட்டன. அதை வாங்கிய ஒவ்வொரு பங்கும் தன் செய்திகள் அடங்கிய தாள்களையும் தன் அட்டையையும் சேர்த்துத் தைத்துக்கொண்டது. பெயர் வெறுமையாக இருந்ததனால்தான் எந்தப் பங்கும் தன் ஆலயப் பெயரை அதன் மேல் எழுதித் தனதாக்கிக்கொள்ள முடிந்தது.

வெளிப்படையான பெயரின் வலிமை இதுதான்: அதற்கு விளக்கம் தேவைப்படாது, யாரையும் புண்படுத்தாது, ஆயர் மாறினாலும் பழமையாகாது. அதன் பலவீனமும் அதே இடத்திலிருந்துதான் வருகிறது. பக்கத்துப் பங்கிலும் ‘பங்கு மடல்’ இருக்கும். பழைய இதழ்களைத் தொகுத்து வைக்கும் நூலகத்திலோ இணையத் தேடலிலோ அந்தப் பெயரைக் கொண்டு மட்டும் உங்கள் இதழைக் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே ஆலயப் பெயரும் ஊர்ப் பெயரும் தலைப்பின் பகுதியாகவே அச்சாக வேண்டும். முகவரி வரியில் சிறிய எழுத்தில் ஒதுங்கிக் கிடந்தால் போதாது. அப்படிச் செய்தால் இக்குறை பெருமளவு நீங்கிவிடும் என்பது என் கருத்து. ‘மடல்’ என்னும் சொல்லுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. ‘மலர்’ என்றால் ஆண்டுவிழாச் சிறப்பு மலர் என்று எண்ணிவிடுகிறார்கள். ‘இதழ்’ என்றால் கடையில் விற்கும் பத்திரிகையின் நினைவு வருகிறது. ‘மடல்’ என்றால் ஒருவர் மற்றவருக்கு எழுதியது என்னும் நெருக்கம் தானாக வந்துவிடுகிறது. எட்டுப் பக்கத்துக்கும் அது பொருந்தும், நாற்பது பக்கத்துக்கும் பொருந்தும்.

அடுத்து வருவது, எல்லாக் கூட்டங்களிலும் அதிகம் முன்மொழியப்படும் வகை: திருமறையிலிருந்து எடுக்கப்பட்ட உருவகப் பெயர்கள். ‘உலகின் ஒளி’, ‘உப்பு’, ‘விளக்குத்தண்டு’ ஆகியவை மத்தேயு 5ஆம் அதிகாரத்திலிருந்தும், ‘திராட்சைச்செடி’ யோவான் 15இலிருந்தும், ‘நங்கூரம்’ எபிரெயர் 6:19இலிருந்தும், ‘விடிவெள்ளி’ 2 பேதுரு 1:19இலிருந்தும் வருகின்றன. இவ்வகைப் பெயர்களுக்கு நீண்ட மரபு உண்டு. யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர்கள் 1841 ஜனவரியில் தொடங்கிய ‘உதயதாரகை’ அதே விடிவெள்ளியைத்தான் குறிக்கிறது. லண்டனில் ஸ்பர்ஜன் என்னும் போதகர் 1865இல் தொடங்கிய இதழுக்கு ‘வாளும் கரணையும்’ என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். எருசலேமின் மதிலைக் கட்டியவர்கள் ஒரு கையால் வேலைசெய்து மறுகையில் ஆயுதம் பிடித்திருந்தார்கள் என்னும் நெகேமியா 4ஆம் அதிகாரக் காட்சியிலிருந்து பிறந்த பெயர் அது. பிழையான போதனைகளுடன் வாதிடுவது ஒருபுறம், சபையைக் கட்டியெழுப்புவது மறுபுறம் என்று அந்த இதழ் உண்மையாகவே இரண்டு வேலைகளையும் செய்தது. பெயர் இதழின் வேலையைச் சொன்னதால் நிலைத்தது.

இங்கேதான் பெரும்பாலான உருவகப் பெயர்கள் தடுமாறுகின்றன. ‘உலகின் ஒளி’ என்று பெயர் சூட்டப்பட்ட இதழ் அன்பின் விருந்துக்கு யார் யார் என்ன பொறுப்பேற்றார்கள் என்பதைத்தான் பதிவுசெய்கிறது என்றால், அந்தப் பெயர் அந்த இதழைப் பற்றி எதையும் சொல்லவில்லை. எந்தச் சபையின் எந்த இதழுக்கும் அதைப் பொருத்திவிடலாம். தனித்தன்மைக்காகத் தேடி எடுத்த பெயர் ‘பங்கு மடல்’ அளவுக்கே பொதுவானதாகிவிடுகிறது. அத்துடன் அதன் தெளிவையும் இழந்துவிடுகிறது. அதற்காக உருவகப் பெயர்களை முற்றிலும் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. ‘நங்கூரம்’ என்பது கடலோரச் சபைக்கு வெறும் உருவகமாக மட்டும் நின்றுவிடாது. அங்கே அது மக்கள் அன்றாடம் கையாளும் பொருள். அவ்வாறு ஊரின் வாழ்வோடும் வசனத்தோடும் ஒரே நேரத்தில் பிணைந்திருக்கும் உருவகம் கிடைத்தால் அதைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். கிடைக்காவிட்டால் வலிந்து தேட வேண்டாம்.

உருவகப் பெயர்களில் இன்னொரு சிக்கல், அவற்றுள் பல ஏற்கெனவே வேறொருவருடைய அடையாளமாகிவிட்டவை என்பது. ‘காவற்கோபுரம்’ என்பது எசேக்கியேலையும் ஆபகூக்கையும் நினைவூட்டும் நல்ல சொல்தான். ஆனால் 1879இல் ஆங்கிலத்தில் தொடங்கி இன்று உலகெங்கும் விநியோகிக்கப்படும் யெகோவாவின் சாட்சிகளின் இதழுக்குத் தமிழில் அதுவே பெயர். ‘விழித்தெழு’ என்பதும் அவர்களுடைய மற்றோர் இதழின் பெயரே. ‘சாட்சிகள்’ என்று மட்டும் சூட்டினாலும், மேகம்போன்ற திரளான சாட்சிகள் என்னும் எபிரெயர் 12:1 முதலில் நினைவுக்கு வராது. ‘விடிவெள்ளி’ என்ற பெயரில் இலங்கையில் முஸ்லிம் சமூகத்தின் தமிழ்ச் செய்தித்தாள் ஒன்று வெளிவருகிறது. ‘இயேசு அழைக்கிறார்’ போன்ற வாக்கியப் பெயர்கள் ஊழிய நிறுவனங்களின் முத்திரையாகவே மக்கள் மனத்தில் பதிந்துவிட்டன. சூரியன், உதயம், முரசு போன்ற சொற்கள் கட்சிச் சின்னங்களையும் கட்சி ஏடுகளையும் நினைவூட்டக்கூடியவை. சபை இதழைக் கையில் எடுப்பவர் அட்டையைப் பார்த்தவுடன் வேறொன்றை நினைத்துவிட்டால், உள்ளே இருக்கும் விளக்கக் குறிப்பு அதைச் சரிசெய்யாது. முன்மொழியப்படும் ஒவ்வொரு பெயரையும் இணையத்தில் தேடிப் பார்ப்பது சில நிமிட வேலைதான். அதைச் செய்யாமல் அச்சுக்கு அனுப்பியவர்கள் உண்டு.

என் மதிப்பீட்டில் மிகவும் கவனிக்கப்படாமல் இருக்கும் வகை, ஆலயம் யார் பெயரால் அர்ப்பணிக்கப்பட்டதோ அவரிடமிருந்து பிறக்கும் பெயர். பாதுகாவலரின் பெயரோடு ‘தூதன்’ என்னும் சொல்லை ஒட்டிவிடுவதை நான் சொல்லவில்லை. அது மிகவும் புழங்கிவிட்ட அச்சு. நான் சொல்வது, அந்தப் புனிதரின் வாழ்விலிருந்தோ எழுத்திலிருந்தோ கிடைக்கும் ஒரு சொல்லை எடுப்பது. தூய பவுல் ஆலயத்தின் இதழுக்கு ‘நிருபம்’ என்பதைவிடப் பொருத்தமான பெயர் கிடைப்பது அரிது. பவுல் சபைகளுக்கு எழுதியவர். அவர் கடிதங்களிலும் செய்தி உண்டு, வாழ்த்துகள் உண்டு, காணிக்கை சேகரிப்பு பற்றிய நினைவூட்டல் உண்டு, இன்னாருக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள் என்ற பட்டியலும் உண்டு. ரோமர் 16ஆம் அதிகாரத்தை வாசிப்பவருக்கு ஒரு சபை இதழின் கடைசிப் பக்கம் நினைவுக்கு வரும். மேலும் 2 கொரிந்தியர் 3இல் அவர் சபையாரையே தம் நிருபம் என்று அழைக்கிறார். இத்தனையும் நான்கு எழுத்துகளுக்குள் அடங்குகின்றன.

தூய பேதுரு ஆலயத்துக்கு ‘திறவுகோல்’ என்று சூட்டலாம். பரலோகத்தின் திறவுகோல்களைப் பேதுருவுக்குத் தருவேன் என்று இயேசு சொல்லும் மத்தேயு 16:19 அதற்கு ஆதாரம், ஆலயத்தின் சுவரிலோ கண்ணாடிச் சன்னலிலோ திறவுகோல் சின்னமும் ஏற்கெனவே இருக்கக்கூடும், அதையே தலைப்புப் படமாக்கிவிடலாம். தூய அந்திரேயா ஆலயத்துக்கு ‘வந்து பாருங்கள்’ என்று வைக்கலாம். யோவான் 1:39இல் அந்திரேயாவும் உடனிருந்த சீடரும் கேட்ட அழைப்பு அது. செய்தி இதழுக்கு அது அழைப்பாகவும் அமைந்துவிடுகிறது. திருமுழுக்கு யோவான் ஆலயத்தில்தான் சற்றுத் தயங்க வேண்டும். ‘வனாந்தரத்தின் சத்தம்’ என்பது வசனப்படி சரியானது; ஆனால் கட்டுரை கேட்டு நான்கு முறை அறிவித்தும் யாரும் எழுதித் தராத ஓர் ஆசிரியர் அந்தப் பெயரை அச்சிடும்போது அது வேறு விதமாக ஒலிக்கும்.

இவ்வகையின் நன்மை, பெயர் ஆலயத்தோடு கட்டுண்டிருப்பது. ஆயர்கள் வருவார்கள், போவார்கள். ஆலயத்தின் பாதுகாவலர் மாறுவதில்லை. ஒவ்வோர் ஆண்டும் பாதுகாவலர் திருநாளில் பெயரின் பொருளை நினைவூட்ட இயல்பான வாய்ப்பும் கிடைக்கும். ஆனால் எல்லா ஆலயங்களுக்கும் இது கைகூடாது. பரிசுத்த திரித்துவ ஆலயம், கிறிஸ்து அரசர் ஆலயம் போன்றவற்றில் பெயர் ஒரு கோட்பாட்டையோ பட்டத்தையோ சுட்டுகிறது. அங்கே கைப்பிடிக்கத்தக்க சிறிய சொல் எளிதில் அகப்படாது. அத்தகைய சபைகள் கட்டடத்தைப் பார்க்கலாம். பழைய மணிக்கூண்டும் அதில் இன்றும் கயிறு இழுத்து அடிக்கப்படும் மணியும் இருந்தால் ‘ஆலயமணி’ என்பது நேர்மையான பெயர். பதிவுசெய்த மணியோசையை ஒலிபெருக்கியில் விடும் ஆலயத்தில் அதே பெயரைச் சூட்டுவதற்கு முன் ஒருமுறை யோசிக்கலாம்.

‘நம் குடும்பம்’, ‘உறவுப் பாலம்’, ‘ஐக்கியம்’ போன்ற உறவுப் பெயர்களைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. அவை இனிமையானவை, எளிதில் சொல்லத்தக்கவை, முதல் ஆண்டில் எல்லாருக்கும் பிடித்தவை. தமிழகக் கத்தோலிக்கர்களின் வார இதழான ‘நம் வாழ்வு’ இவ்வகைப் பெயர் எவ்வளவு இயல்பாகப் பேச்சில் கலந்துவிடும் என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆயினும் ஒரு தனிச்சபை இதழில் இந்தப் பெயர்கள் ஒரு வாக்குறுதியைத் தாங்கி நிற்கின்றன. சபைத் தேர்தல் சூடுபிடித்து, இரண்டு அணிகள் ஒன்றோடொன்று பேசாமலிருக்கும் மாதத்திலும் ‘ஐக்கியம்’ என்ற தலைப்பு அட்டையில் பெரிய எழுத்தில் அச்சாகியே ஆக வேண்டும். அப்போது அதைச் சொல்லிச் சிரிக்காதவர் யாரும் இருக்கமாட்டார்கள்.

எபிரேய, கிரேக்கச் சொற்களான ‘ஷாலோம்’, ‘எபெனேசர்’, ‘அகாபே’, ‘கொய்னோனியா’ ஆகியவற்றையும் அரமேயச் சொல்லான ‘மாரநாதா’வையும் இறையியல் படித்தவர்கள் விரும்பி முன்மொழிவார்கள். இவற்றுள் ‘எபெனேசர்’ மட்டும் தமிழ்க் கிறித்தவர்களிடையே ஆட்பெயராகவே வழங்குவதாலும், இம்மட்டும் கர்த்தர் உதவிசெய்தார் என்னும் 1 சாமுவேல் 7:12 பலருக்கும் மனப்பாடமாக இருப்பதாலும் விளக்கமின்றிப் புரிந்துவிடும்; ஆனால் அதே காரணத்தால் அது எங்கும் காணப்படும் பெயருமாகும். ஐக்கியம் என்று பொருள்படும் ‘கொய்னோனியா’வை ஒவ்வொரு புதிய உறுப்பினருக்கும் விளக்க வேண்டியிருக்கும், பத்தாவது முறை விளக்கும்போது விளக்குபவருக்கே சலிப்பு வந்துவிடும். இளைஞர்கள் முன்மொழியும் ‘கனெக்ட்’, ‘லைட் ஹவுஸ்’ போன்ற ஆங்கிலப் பெயர்களை அவை ஆங்கிலம் என்பதற்காக மட்டும் தள்ளிவிடுவது முறையன்று. பிள்ளைகள் தமிழைப் பேசினாலும் வாசிக்கத் தடுமாறும் சபைகள் பல உள்ளன. அங்கே இதழ் இருமொழியில் வருவதே நடைமுறை. அத்தகைய சபை ‘உதயதாரகை’யின் வழியைப் பின்பற்றலாம். அது தொடக்கம் முதலே தமிழும் ஆங்கிலமும் கொண்ட இதழ். தமிழில் ‘உதயதாரகை’, ஆங்கிலத்தில் ‘மார்னிங் ஸ்டார்’ என்று ஒரே பொருளை இரு மொழிகளிலும் தலைப்பாகக் கொண்டிருந்தது. ஒரு மொழியின் பெயரை மற்றொரு மொழியின் எழுத்தில் எழுதிவைப்பதைவிட அது மதிப்பான தீர்வு.

எந்த வகையைத் தேர்ந்தெடுத்தாலும், தமிழில் திருமறை வழக்குகள் ஒன்றுக்கு மேற்பட்டவை என்பதை மறக்கக்கூடாது. சீர்திருத்தச் சபைகள் பழைய மொழிபெயர்ப்பின் சொற்களில் வளர்ந்தவை. கத்தோலிக்கர்கள் 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பின் சொற்களில் பழகியவர்கள். முன்னவருக்குச் சுவிசேஷம், பின்னவருக்கு நற்செய்தி. முன்னவருக்குத் தேற்றரவாளன், பின்னவருக்குத் துணையாளர். முன்னவருக்கு நிருபம், பின்னவருக்குத் திருமுகம். ஆகவே நான் மேலே புகழ்ந்த ‘நிருபம்’ ஒரு கத்தோலிக்கப் பங்கில் எடுபடாது. அங்கே ‘திருமுகம்’ என்பது அதே அளவு அழகாக அமையும். அதையே ஒரு சீர்திருத்தச் சபையில் வைத்தால் ஆண்டவருடைய முகம் என்று மட்டுமே புரிந்துகொள்வார்கள். திருமணத்தின் வழியாக வேறு சபை மரபிலிருந்து வந்தவர்களும் அயலகத்தில் வாழும் உறவினர்களும் இதழை வாசிப்பதால், ஒளி, உப்பு, மடல், மணி போன்று இரு வழக்குகளுக்கும் பொதுவான சொற்களுக்குக் கூடுதல் மதிப்பெண் தரலாம்.

சொல்லின் ஒலியும் எழுத்தும் தனியாகக் கவனிக்கத்தக்கவை. ‘ஞான ஒளி’ என்று அச்சிட்டிருப்பதை அறிவிப்பு வாசிப்பவர் ‘ஞான ஒலி’ என்றோ, அதைவிட மோசமாக ‘ஞான ஒழி’ என்றோ உச்சரித்துவிடும் வாய்ப்பு ஒவ்வொரு ஞாயிறும் இருக்கும். ஆங்கில எழுத்தில் மின்னஞ்சல் முகவரியாகவோ கோப்புப் பெயராகவோ எழுதும்போது ஒளியும் ஒலியும் ஒன்றாகிவிடும். ழகரமும் ளகரமும் லகரமும் உள்ள பெயர்களை ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். நீளமும் முக்கியம். ‘கலங்கரை விளக்கம்’ என்பதை அட்டையின் அகலத்துக்குள் பெரிய எழுத்தில் அமைக்க முயன்றால், ஒன்று எழுத்து சிறுத்துவிடும் அல்லது இரண்டு வரியாக உடையும். கைப்பேசியில் வரும் மின்னிதழின் முகப்பில் அது இன்னும் சுருங்கும். நீண்ட பெயர்களை மக்களும் காலமும் சேர்ந்து வெட்டிவிடுகின்றன என்பதற்குச் சான்றுகள் உண்டு. யாழ்ப்பாணத்தில் 1876இல் ‘சத்தியவேத பாதுகாவலன்’ என்று தொடங்கிய கத்தோலிக்க இதழ் பின்னாளில் ‘பாதுகாவலன்’ என்றே நின்றது. பின்னால் எப்படியும் வெட்டப்படப்போகும் பெயரை முதலிலேயே சுருக்கமாக வைத்துவிடுவது நல்லது.

பதிவு தொடர்பான விதிகளும் பெயர்த் தேர்வைப் பாதிக்கின்றன. உறுப்பினர்களுக்கு மட்டும் வழங்கி, அட்டையில் ‘தனிச்சுற்றுக்கு மட்டும்’ என்று அச்சிடும் சிறிய இதழ்கள் இதைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. ஆனால் சந்தா வாங்கி அஞ்சலில் அனுப்பும் எண்ணம் இருந்தால் அந்தந்த நாட்டின் சட்டத்தைப் பார்த்தாக வேண்டும். இந்தியாவில் 1867ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக 2023இல் இயற்றப்பட்ட பருவ இதழ்கள் பதிவுச் சட்டம் 2024 மார்ச் மாதத்திலிருந்து நடைமுறையில் உள்ளது. அதே மொழியிலோ அதே மாநிலத்திலோ வேறொருவர் வைத்திருக்கும் தலைப்பை ஒத்த தலைப்புக்கு அங்கே அனுமதி கிடைக்காது. ‘ஒளி’, ‘வாழ்வு’, ‘மணி’ போன்ற ஒற்றைச் சொற்கள் எப்போதோ எடுக்கப்பட்டிருக்கும். ஆலயப் பெயரும் ஊர்ப் பெயரும் சேர்ந்த தலைப்புக்கு இத்தடை குறைவு. பருவ இதழ்களுக்கான எட்டு இலக்கப் பன்னாட்டு எண்ணை (ISSN) பெற்ற இதழ் தன் தலைப்பைப் பெருமளவு மாற்றினால் புதிய எண் பெற வேண்டியிருக்கும் என்பதையும் நினைவில் கொள்ளலாம்.

இதுவரை சொன்னவை புதிய இதழுக்கு. ஏற்கெனவே ஓர் இதழ் நடந்து நின்றுபோய், இப்போது மீண்டும் தொடங்கப்படுகிறது என்றால் என் பரிந்துரை மிக எளிது: பழைய பெயரையே வைத்துக்கொள்ளுங்கள். அது வடமொழிச் சொற்கள் நிறைந்ததாக, இன்றைய காதுக்குப் பழையதாக ஒலித்தாலும் பரவாயில்லை. பல சேகரங்கள் அடங்கிய திருநெல்வேலித் திருமண்டலத்தில் 19ஆம் நூற்றாண்டில் தோன்றிய ‘நற்போதகம்’ என்னும் பெயரை இன்று ஒரு குழு புதிதாகத் தேர்ந்தெடுக்குமா என்பது ஐயமே. ஆனால் தலைமுறைகளாக வீடுகளில் வழங்கிவந்த பெயருக்கு உள்ள உரிமையைப் புதிதாகப் புனையப்படும் எந்தப் பெயரும் பெற முடியாது. பழைய பெயரை மாற்றுவதற்கு நியாயமான காரணம் ஒன்றுதான்: அது ஒரு தனிமனிதரைச் சார்ந்ததாகவோ, சபையில் பிளவை நினைவூட்டுவதாகவோ இருப்பது.

புதிய இதழுக்கான என் வரிசை இது. பாதுகாவலரிடமிருந்தோ கட்டடத்திலிருந்தோ ஊரின் வாழ்விலிருந்தோ அந்தச் சபைக்கே உரிய ஒரு குறுகிய சொல் இயல்பாகக் கிடைக்குமானால் அது முதலிடம். கிடைக்கவில்லையென்றால் ஆலயப் பெயரோடு கூடிய ‘மடல்’. பொதுவான உருவகப் பெயரும் உறவுப் பெயரும் அதற்குப் பின்னரே. விளக்கம் தேவைப்படும் அயல்மொழிச் சொல்லைக் கடைசியில் வைப்பேன். முதல் இரண்டுக்கும் இடையே மனம் ஊசலாடினால் இரண்டையும் இணைக்கலாம்: மேலே பெரிய எழுத்தில் ‘திறவுகோல்’, அதன் கீழே ‘தூய பேதுரு ஆலயப் பங்கு மடல்’ என்று துணைத்தலைப்பு. மக்கள் எதைச் சொன்னாலும் இதழைத்தான் சொல்கிறார்கள் என்று ஆகிவிடும்.

தேர்ந்தெடுக்கும் முறையைப் பற்றி ஒரு சொல். சபை முழுவதற்கும் பெயர்ப் போட்டி வைப்பது பெயர்களைத் திரட்டுவதற்கு நல்ல வழி, முடிவெடுப்பதற்கு அன்று. பரிசு அறிவித்துவிட்டால், வென்ற பெயர் பொருந்தாது என்று பின்னர் தெரிந்தாலும் அதை விட முடியாமற்போகும். வெல்லாத பெயரை எழுதித் தந்தவரின் மனத்தாங்கலும் மிஞ்சும். திரட்டிய பெயர்களிலிருந்து மூன்றை மட்டும் குழு பிரித்தெடுத்து, மூன்றுக்கும் அட்டை மாதிரியைத் தாளில் அச்சிட்டுக் கைநீட்டும் தொலைவில் வைத்துப் பார்க்கட்டும். பிறகு ஒவ்வொன்றையும் ‘இம்மாத … இதழ் ஆலய வாசலில் கிடைக்கும்’ என்னும் வாக்கியத்தில் வைத்து, வழக்கமாக அறிவிப்பு வாசிப்பவரையே ஒலிவாங்கியில் வாசிக்கச் சொல்லட்டும். தடுக்கி விழும் பெயர் அங்கேயே தெரிந்துவிடும். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளில் ஒருவரிடமும் மூத்த உறுப்பினர் ஒருவரிடமும் எந்த முன்விளக்கமும் தராமல் பெயரை மட்டும் காட்டி, உள்ளே என்ன இருக்கும் என்று கேட்பதும் பயன் தரும். இவ்வளவையும் கடந்த பெயரைச் சபைக் குழுவின் தீர்மானமாகப் பதிவுசெய்து, அதைத் தேர்ந்தெடுத்த காரணத்தை முதல் இதழின் இரண்டாம் பக்கத்தில் ஐந்தாறு வரிகளில் அச்சிட்டுவிட்டால், அடுத்து வரும் ஆயரோ ஆசிரியரோ பெயரை மாற்ற நினைக்கும்போது எதை எடைபோட வேண்டும் என்பது அவர்கள் கையில் இருக்கும்.